தண்ணீர் பட்டால் வலிக்குமா?

அருவியில் ஒரு பெண் அலறினால் என்ன அர்த்தம்?

குற்றாலத்துக்காரர்களைக் கேளுங்கள். யோசிக்காமல் சொல்வார்கள் — செயின் போயிடுச்சு!

போன மாதம் மெயின் அருவியில், பெண்கள் பக்கத்தில், நான் அலறியபோதும் அதுதான் நடந்தது. என் சத்தம் கேட்டதும் தண்ணீருக்குள் நின்ற அத்தனை பேர் கையும் அவரவர் கழுத்துக்குப் போனது. வெளியே நின்ற பெண் போலீஸ் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார். "எந்தப் பக்கம் போனா? என்ன கலர் சேல?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், மஞ்சள் சேலையில் இருந்த ஒரு வெளியூர் அம்மாவை இரண்டு பேர் பிடித்து நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மா தலை நிறைய ஷாம்பு நுரையோடு முழித்தார். அருவியில் ஷாம்பு போடக் கூடாது என்று போர்டு இருக்கிறதல்லவா? அதற்காகத்தான் பிடிக்கிறார்கள் என்று நினைத்து, "இனிமே போட மாட்டேங்க" என்று கும்பிட்டார், பாவம்.

"செயின் இருக்கு மேடம்," என்று கழுத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"அப்புறம் எதுக்குக் கத்துனீங்க?"

"தண்ணி பட்டுது... வலிச்சுது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தண்ணி பட்டா வலிக்குமாம்மா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் ஈரத் துணியோடு, எண்ணெய் வழிகிற முகத்தோடு, அசடு வழியச் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் என் விலாவில் யாரோ கொதிக்கிற எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

கதையை வைகாசி மாதத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒருநாள் காலையில் இடது விலாவில் சுருக் சுருக்கென்று குத்தியது. வாயு என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு எல்லாமே வாயுதான். இரண்டொரு நாளில் முதுகிலிருந்து மார்புக்குக் கீழே வரை, பாதி பெல்ட் கட்டியது போலச் சிவப்பாக ஒரு பட்டை. அதன் மேல் கொத்துக் கொத்தாகக் கொப்புளங்கள். பார்த்த மாத்திரத்தில் எங்கள் தெருவே சொல்லிவிட்டது: அக்கி!

அக்கி வந்தால் எங்கள் பக்கம் என்ன செய்வோம்? எழுதுவோம். மண்பாண்டம் செய்கிறவர் வீட்டுக்குப் போனால், காவியைக் குழைத்துக் கொப்புளத்தைச் சுற்றி எழுதிவிடுவார்கள். சிங்கம் வரைந்தால் அக்கி பயந்து ஓடிவிடும் என்பது நம்பிக்கை. எனக்கும் அந்த வீட்டம்மா விலாவில் ஒரு சிங்கம் வரைந்து விட்டார். குளுகுளுவென்றுதான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

சிங்கத்தோடு ஒரு கட்டளையும் வந்தது. "ஊசி, மாத்திர ஒண்ணும் கூடாது கோமதி. அக்கி உள்ள போயிரும்." இதைச் சொன்னது எழுதியவர் அல்ல, செண்பகம் மதினி. என் வீட்டுக்காரரின் அக்கா. சுந்தரபாண்டியபுரத்தில் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதல் ஆளாக ரசப் பாத்திரத்தோடு வந்து நிற்கிறவர். அதனால் அவர் பேச்சை யாரும் தட்டுவதில்லை.

உண்மையில் அந்த முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள்தான் மாத்திரை சாப்பிட்டிருக்க வேண்டும். வைரஸை அடக்குகிற மாத்திரை. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நாட்களில் நான் சிங்கத்தை நம்பி ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன்.

சில வாரங்களில் கொப்புளம் காய்ந்தது. பொருக்கு உதிர்ந்தது. தோல் ஆறிவிட்டது. லேசான தழும்பு மட்டும்தான் மிச்சம்.

வலி போகவில்லை!

இருந்த வலி இரண்டு மடங்கானது. சில நேரம் எரிச்சல். சில நேரம் கரண்ட் அடிக்கிற மாதிரி ஒரு வெட்டு. இதில் வினோதம் என்னவென்றால், அழுத்திப் பிடித்தால் கூடப் பொறுத்துக்கொள்ளலாம்... லேசாகத் துணி உரசினால் உயிர் போகும். ஜாக்கெட் போட முடியாது. உள்ளாடை எலாஸ்டிக்கை நினைத்தாலே கண்ணில் தண்ணீர் வரும். ஃபேன் காற்று பட்டால் ஆகாது. வீட்டில் என் வீட்டுக்காரரின் பழைய பனியன் ஒன்று, துவைத்துத் துவைத்து நைந்துபோய் மெத்தென்று கிடந்தது. அதை மாட்டிக்கொண்டு அதற்கு மேல் ஒரு தொளதொள நைட்டி. ஆனி மாதம் முழுக்க இதுதான் என் யூனிஃபார்ம்.

இதை யாரிடம் சொல்வது?

சொன்னேனே! எல்லாரிடமும் சொன்னேன். கேட்டவர்கள் எல்லாரும் என் விலாவைப் பார்த்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை. உடனே முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை இருக்கிறதே... கால் உடைந்து கட்டுப் போட்டவருக்கு ஆப்பிள் வாங்கிப் போகிறோம். ஆபரேஷன் ஆனவருக்குத் தையல் எத்தனை என்று விசாரிக்கிறோம். கட்டும் இல்லை, தையலும் இல்லை, எக்ஸ்ரேயிலும் தெரியவில்லை என்றால்? "சும்மா இருக்க முடியல, அதான்" என்று முடித்துவிடுகிறோம்.

மதினி மட்டும் நேரடியாகவே சொன்னார். "அக்கிதான் போயிருச்சே, இன்னும் என்னட்டி வலி? எல்லாம் மனசுதான். மனச திடமா வச்சுக்கோ."

அவருடைய அவசரத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. ஆவணியில் அவர் மகள் கார்த்திகாவுக்குக் கல்யாணம். என் வீட்டுக்காரர் தாய்மாமன். தாய்மாமனும் அவர் மனைவியும் சேர்ந்து நின்று மாலை போட்டுத்தான் எங்கள் வீடுகளில் பெண்ணை மணவறைக்கு அழைத்து வருவோம். அந்த மாலைக்காக நான் கார்த்திகா பிறந்த நாளிலிருந்து காத்திருக்கிறேன். எனக்குப் பெண்பிள்ளை கிடையாது. காது குத்தும்போது மாமன் மடியில் உட்காராமல் என் மடிக்குத் தாவியவள் அவள்.

ஆக, கல்யாணத்துக்குள் நான் சரியாகிவிட வேண்டும். பட்டுச்சேலை, பட்டு ஜாக்கெட் சகிதம் மேடை ஏற வேண்டும். மதினி கண்டுபிடித்த வைத்தியம்தான் அருவி. உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்து, "முதுக நல்லாக் காட்டு, அடிக்கிற அடியில எல்லாம் ஓடிரும்" என்று என்னைத் தண்ணீருக்குள் தள்ளினார். பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே.

அன்றைக்கு வீடு திரும்பும்போது காரில் எனக்கு அந்தப் பெண் போலீஸின் கேள்வியே ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் பட்டால் வலிக்குமா? அவர் கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதுதானே சரியான கேள்வி? வலிக்கக் கூடாத ஒன்று வலிக்கிறது. அப்படியென்றால் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது. மனசு கெட்டால் தண்ணீர் ஏன் இடது பக்கம் மட்டும் சுட வேண்டும்? என் மனசு என்ன இடது விலாவிலா இருக்கிறது?

"நாளைக்குத் திருநெல்வேலி போறோம்," என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

"அக்காட்ட ஒரு வார்த்த..."

"கேக்க வேண்டாம்."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் மறுபேச்சு பேசாமல் காலையில் வண்டியை எடுத்தார்.

வலிக்கென்றே தனியாக டாக்டர் இருக்கிறார்கள், தெரியுமா? எனக்குத் தெரியாது. சின்ன வயசு டாக்டரம்மா. நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து வலது விலாவைத் தொட்டார். ஒன்றுமில்லை. இடது விலாவைத் தொட்டார். துள்ளிவிட்டேன்.

"இது ரொம்ப வலிக்கும்மா," என்றார் அவர்.

அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மருந்து எழுதுவதற்கு முன்பே பாதி வலி குறைந்த மாதிரி இருந்தது. ஒருவர் நம்பிவிட்டார் என்கிற நிம்மதி எவ்வளவு பெரியது என்பது, நம்பப்படாமல் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். சின்ன வயதில் நமக்குச் சின்னம்மை போடுகிறது. வேப்பிலை கட்டி, தண்ணீர் ஊற்றி, அம்மை இறங்கிவிட்டது என்கிறோம். அது முழுசாகப் போவதில்லை. அந்த வைரஸ் முதுகுத்தண்டை ஒட்டி, நரம்பின் வேரில் போய்ப் படுத்துக்கொள்கிறது. வருடக்கணக்காகத் தூங்கும். வயது ஏறி, உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறையும்போது எழுந்து, ஒரே ஒரு நரம்பு வழியாகத் தோலுக்கு வருகிறது. அதனால்தான் அக்கி ஒரு பக்கமாக, ஒரு பட்டையாக வருகிறது. வருகிற வழியில் நரம்பையும் சிதைத்துவிட்டு வருகிறது.

தோல் ஆறிவிடும். நரம்பு அவ்வளவு சீக்கிரம் ஆறாது.

"வாசல்ல யாருமே இல்ல. ஆனா காலிங் பெல் வயர் சிதைஞ்சு போய்த் தானா அடிச்சுக்கிட்டே இருக்கு. அதான் உங்க வலி," என்றார் டாக்டர். காலில் முள் குத்தினால் வருகிற வலி ஒரு தகவல். முள்ளை எடு என்கிறது. இந்த வலியில் முள்ளே கிடையாது. தகவல் கொண்டுபோகிற வயரே கெட்டுவிட்டது. அதுவும் போதாதென்று, ஓயாமல் மணி அடிப்பதைக் கேட்டுக் கேட்டு முதுகுத்தண்டும் மூளையும் சத்தத்தைக் கூட்டி வைத்துவிடுகின்றன. அப்புறம் துணி உரசுவதும் தண்ணீர் படுவதும் அங்கே வலியாகத்தான் போய்ச் சேரும்.

நான் விழுங்கிய சாதாரண வலி மாத்திரைகள் ஏன் வேலை செய்யவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. அவை வீக்கத்துக்கு, அடிபட்டதற்கு. நரம்புக்கு வேறு மருந்து. வலிப்பு நோய்க்குக் கொடுக்கிற மாத்திரையில் ஒரு வகை, மனச்சோர்வுக்குக் கொடுப்பதில் ஒரு வகை. இரண்டுமே வேறு காரணத்துக்காக வந்த மருந்துகள்தான். ஆனால் சும்மா அடிக்கிற நரம்பை அடக்குகின்றன. கொஞ்சமாக ஆரம்பித்து மெதுவாகக் கூட்ட வேண்டும். தூக்கம் வரும், தலை சுற்றும், நாக்கு வறளும். நாமாக நிறுத்தக் கூடாது. வலிக்கிற இடத்தில் ஒட்டிக்கொள்ள மரத்துப்போகிற மருந்து தடவிய பிளாஸ்டர் ஒன்றும் கொடுத்தார். மிளகாயின் காரத்திலிருந்து எடுக்கிற ஒரு களிம்பு கூட இருக்கிறதாம். காரத்தைத் தடவித் தடவி நரம்பை ஓயவைப்பது! எனக்கு அது வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டேன்.

"முழுசாப் போயிருமா டாக்டர்?"

"சத்தியம் பண்ண மாட்டேன். நிறையப் பேருக்கு மெதுவாக் குறையும். பாதி குறைஞ்சு, நீங்க ராத்திரி தூங்கிட்டா அதுவே நமக்கு ஜெயிச்ச மாதிரிதான்."

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. இதுவரை எல்லாரும் 'ஓடிரும், ஓடிரும்' என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

வம்பு மாத்திரை அட்டையில் இருந்து வந்தது. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் சும்மா இருக்காமல் அதன் பெயரை செல்போனில் தட்டிப் பார்த்திருக்கிறார். டிப்ரஷன் என்று வந்திருக்கிறது. அன்று சாயங்காலத்துக்குள் செய்தி சுந்தரபாண்டியபுரம் போய்விட்டது. போகும் வழியில் கொஞ்சம் பெரிதாகியும் விட்டது. மதினி போன் செய்தார்.

"நான் சொன்னம்லா, மனசுதான்னு! இப்ப டாக்டரே மாத்திர குடுத்துட்டாருல்லா?"

நான் நரம்பு, வயர், காலிங் பெல் எல்லாம் விளக்கினேன். மதினி முழுக்கக் கேட்டுவிட்டு, மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"சம்பந்தி வீட்டுக்காரங்க ஒரு மாதிரி, பாத்துக்கோ. மாத்திர விஷயம் தெரிஞ்சா குடும்பத்துல இப்படி உண்டான்னு கேப்பாங்க. மேடையில நிக்கும்போது நீ அன்னைக்கி மாதிரி கத்திட்டன்னா? ஜாக்கெட்டும் போட முடியாதுங்குற. நீ கீழ உக்காந்துக்கோ. தம்பி கூட நம்ம இசக்கி நிப்பா."

இசக்கி என்பது என் ஒன்றுவிட்ட கொழுந்தனின் மனைவி. நல்ல பெண். ஆனால் என் மாலையை அவள் போடுவதா?

போனை வைத்துவிட்டேன். அன்றிரவு வலியைவிட அதுதான் எரிந்தது. வலியால் ஒரு மனுஷிக்கு எதெல்லாம் போகும் பாருங்கள். முதலில் தூக்கம் போனது. பிறகு துணிமணி போனது. இப்போது மேடையில் என் இடமும் போகப் போகிறது... அக்கி என்னிடம் கேட்காமல் வந்தது. அதற்கு நான் ஏன் ஒளிந்துகொள்ள வேண்டும்?

மறுநாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் மதினி வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். வாசலில் ஆள் இல்லை. கூடத்தைத் தாண்டிப் போனால், அடுக்களையை ஒட்டிய முற்றத்தில் மதினி தனியாக உட்கார்ந்திருந்தார். இரண்டு காலையும் ஒரு வாளித் தண்ணீரில் விட்டிருந்தார். வாளியில் ஐஸ் கட்டிகள் மிதந்தன.

"என்ன செய்யுதிய மதினி?"

திடுக்கிட்டுக் காலை வெளியே எடுத்தார். "ஒண்ணுமில்ல... லேசா எரிச்சல்."

"எத்தன நாளா?"

அவர் சேலையால் காலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ரெண்டு வருஷமாச்சு," என்றார். "மொளகா அரைச்சுப் பூசின மாதிரி இருக்கும் கோமதி. ராத்திரியானா இன்னும் கூடும். அருவிக்குப் போனா, அந்தத் தண்ணியில நிக்கித வரைக்கும் நல்லாருக்கும். அதான் உன்னையும் கூட்டிட்டுப் போனேன்."

"யார்ட்ட சொன்னிய?"

"சொல்லி? மனச திடமா வச்சுக்கிட வேண்டியதுதான்."

சண்டை போட வந்த நான் அந்த வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மதினி எனக்குச் சொன்ன வைத்தியமெல்லாம் அவர் தனக்குத்தானே செய்துகொண்ட வைத்தியம். எனக்குக் கோபம் இன்னும் இருந்தது. அவர் மேல் இல்லை. பல வருடமாகச் சர்க்கரை வியாதி இருக்கிற ஒரு அம்மா, ஊருக்கெல்லாம் ரசம் கொண்டுபோகிற ஒரு அம்மா, தன் கால் எரிகிறது என்பதைத் தன் வீட்டிலேயே சொல்ல முடியாமல் ஐஸ் வாளிக்குள் ஒளித்து வைத்திருக்கிறாரே... அந்த வெட்கத்தை இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

"எழுந்திரிங்க மதினி. திருநெல்வேலி போறோம்."

"கல்யாணம் முடியட்டும்ட்டீ..."

"கல்யாணத்துக்கு நடக்கதுக்குக் கால் வேணும்லா?"

அதே டாக்டரம்மா. மதினியைக் கண்ணை மூடச் சொல்லி, பல் குச்சி அளவுக்கு ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். "எங்க தொடுறேன்னு சொல்லுங்க."

மதினி கண்ணை மூடியபடியே காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எப்ப தொடுவிய டாக்டர்?" என்று கேட்டார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். ஏற்கெனவே இரண்டு பாதத்தையும் தொட்டு முடித்திருந்தார்.

சர்க்கரை நரம்பின் நுனியிலிருந்து அரிக்குமாம். அதனால்தான் பாதத்தில் ஆரம்பிக்கிறது. தொட்டால் தெரியாது, ஆனால் சும்மா இருக்கும்போது எரியும். உணர்ச்சியும் இல்லை, வலியும் விடவில்லை — இரண்டும் ஒரே காலில்! நரம்பு வலிக்குச் சர்க்கரைதான் பெரிய காரணம் என்றார். டிஸ்க் நரம்பை அழுத்துவது, வைட்டமின் குறைவு, குடி, கேன்சர் மருந்து என்று வேறு காரணங்களும் உண்டாம். ஐஸ் வாளியைத் தூக்கி எறியச் சொன்னார். உணர்ச்சி இல்லாத காலில் ஐஸும் புண்ணாக்கும், வெந்நீரும் புண்ணாக்கும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும், தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், வெறுங்காலோடு எங்கேயும் நடக்கக் கூடாது. செருப்புப் போட முடியாத இடம் என்றால் தடித்த பருத்தி சாக்ஸ். கடைசியாக எரிச்சலுக்கு மாத்திரை எழுதினார்.

வெளியே வந்ததும் அந்த மாத்திரையை செல்போனில் தட்டினேன். மதினியிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

டிப்ரஷன்.

மதினி போனைத் திருப்பிக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்ட் அருகே டீ குடிக்க நிறுத்தியபோதுதான், "எனக்கு மனசுல ஒண்ணுமில்லியேட்டீ," என்றார்.

"எனக்கும்தான் மதினி."

அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கம் கிடையாது. டீயைக் குடித்துவிட்டு, "இசக்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்," என்றார்.

இங்கே கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கமாகப் பட்டையாகக் கொப்புளம் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். காவி எழுதுவதென்றால் திரும்பி வந்து எழுதிக்கொள்ளுங்கள், சிங்கம் காத்திருக்கும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அக்கிக்குத் தடுப்பூசி வந்திருக்கிறது, கேட்டுப் பாருங்கள். சர்க்கரை இருக்கிறவர்கள் பாதத்தை டாக்டரிடம் காட்டுங்கள். என் மாத்திரையை நீங்கள் வாங்கிச் சாப்பிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, யாராவது வலிக்கிறது என்றால் விலாவைத் தேடாதீர்கள். நம்புங்கள்.

கல்யாணம் போன வாரம், தென்காசியில். எனக்கு வலி போய்விடவில்லை. பாதிக்கு வந்திருக்கிறது. தூங்குகிறேன். ஆனாலும் பட்டு ஜாக்கெட்டுக்கு இன்னும் வழியில்லை. அதனால் என்ன? விலாவில் பிளாஸ்டர், அதற்கு மேல் அந்த நைந்த வெள்ளைப் பனியன், அதற்கு மேல் அரக்குப் பட்டுச்சேலை. முந்தானையைத் தோள் சுற்றிப் போர்த்திக்கொண்டேன். பனியன் கை வெளியே தெரியத்தான் செய்தது. மண்டபத்தில் கண்கள் திரும்பின. சம்பந்தி வீட்டம்மா ஒருவர், "இது புது மாடலா?" என்று கேட்டார். "அக்கி வந்து நரம்புல வலி இருக்கு. ஜாக்கெட் போட முடியாது," என்றேன். அவர் முகம் மாறியது. "எங்க வீட்டுக்காரருக்கும் முதுகுல அப்படித்தான் எரியுதுங்காரு... நான்தான் நம்பல," என்றார் மெதுவாக. டாக்டரின் பெயரை வாங்கிக்கொண்டார்.

கார்த்திகாவுக்கு மாலை போட்டேன். என் கையால், என் வீட்டுக்காரரோடு நின்று. கையைத் தூக்கும்போது விலாவில் ஒரு வெட்டு வெட்டியது. தூக்கினேன். "அத்த, வலிக்குதா?" என்று கேட்டாள் அவள். "வலிக்குதுட்டீ. நீ குனி," என்றேன்.

அப்புறம் குடும்ப போட்டோ. மதினி என் பக்கத்தில் வந்து நின்றார். வெளிர் நீலப் பட்டு, தலை நிறையப் பூ, காலில் தடித்த வெள்ளை சாக்ஸ். போட்டோகிராபர் பையன் கேமராவைக் கீழே இறக்கினான். "ஆன்ட்டி, அந்த பனியன கொஞ்சம் உள்ள தள்ளுங்க. அம்மா, நீங்க சாக்ஸக் கழட்டிருங்க, ஒரே ஒரு ஷாட்தான்."

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி முந்திக்கொண்டார். "கழட்ட முடியாது."

"சரிம்மா, அப்ப முகமாவது கொஞ்சம் சிரிச்ச மாதிரி... வலிக்கிற மாதிரி நிக்கிறீங்களே!"

ரெண்டு வருஷமாக ஒருவரிடமும் வாய் திறக்காத செண்பகம் மதினி, மண்டபமே கேட்கிற மாதிரி சொன்னார்:

"வலிக்கத்தாம்லே செய்யுது. அப்படியே எடு."